தெற்கு வெளிக் குதிரையும் சவிரிமுத்து அண்ணையும்

போன மாதம் கால்நடைப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பழைய அனுபவம் சொல்லச் சொல்வது இப்போது வழக்கமாம். இந்த முறை என்னைக் கூப்பிட்டார்கள். காளை என்னைத் தூக்கி வாழைப் பாத்திக்குள் எறிந்த கதை, மாட்டுக்குக் கலக்கி வைத்த பேதி மருந்தை ஒருவர் தெரியாமல் குடித்த கதை என்று அரை மணி நேரம் பேசினேன். எல்லாரும் சிரித்தார்கள். முடிவில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "ஐயா, உங்கட சேவையிலை நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?" என்று கேட்டார்.

"இவ்வளவு நாளும் வேலை செய்ததுதான், பிள்ளை" என்று பகிடியாகச் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பதிலை எழுதத் திறந்து வைத்திருந்த கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்தவன். ஐம்பதுகளின் நடுவில், மிருக வைத்தியருக்கு உதவியாளர் வேலைக்கு எடுபட்டுத் தெற்கே இரண்டு வருடம் பயிற்சிக்குப் போனேன். காயம் கட்டவும், ஊசி போடவும், கன்று திரும்பிக் கிடந்தால் கையை விட்டுத் திருப்பவும் படித்தேன். அவ்வளவுதான் அங்கே நடந்தது. வேலை பழகியது நெடுந்தீவில்.

நெடுந்தீவுக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. லோஞ்சில் கடல் கடந்து போக வேண்டும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் நாள்கணக்கில் லோஞ்சு ஓடாது. கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும் பனைகளும்தான் ஊர் முழுக்க. தெற்கே போகப் போகப் பனையும் குறைந்து, புல்லும் கல்லுமான வெளி வரும். அந்த வெளியில்தான் குதிரைகள் நின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ விட்டுப் போனவை, தாங்களாகப் பெருகி, மழைக்குக் கொழுத்து, கோடைக்கு எலும்பு தெரிய நடந்து திரிந்தன. என் அலுவலகம் ஒரு சிறிய கல் வீடு. ஒரு மேசை, ஒரு கதிரை, மருந்து வைக்க ஓர் அலுமாரி. எனக்கு மேலே இருந்த மிருக வைத்தியர் ஊர்காவற்றுறையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார்.

அவரை டொக்டர் என்றே எழுதுகிறேன். மெலிந்த மனிதர். ஒருபோதும் குரலை உயர்த்தமாட்டார். ஒரு மிருகத்தைப் பார்க்கப் போனால் முதலில் அதற்குக் கிட்டப் போகாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று பார்ப்பார். சொந்தக்காரருக்குப் பொறுமை போய்விடும், அவருக்குப் போகாது. பிறகு என்னிடம் திரும்பி, "என்ன காணுறீர்?" என்று கேட்பார். "காய்ச்சல், சேர்" என்று நான் சொன்னால், "காய்ச்சலை எப்பிடிக் கண்ணாலை கண்டனீர்? கண்டதைச் சொல்லும்" என்பார். காது தொங்குது, அசை போடேல்லை, மூக்கு காய்ஞ்சு கிடக்கு என்று ஒவ்வொன்றாய்ச் சொல்ல வேண்டும். அதை அவர் பென்சிலால் எழுதுவார். வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப் போட்டுக் கழுவுவார். நானும் கழுவும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

வேலைக்குக் கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி இருந்தது. அப்படி வந்தவர்தான் சவிரிமுத்து அண்ணை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கடற்றொழில்காரர். ஆனால் கடலில் காட்டிய கெட்டித்தனத்தைவிடத் தரையில் காட்டியது அதிகம். முயலுக்கும் கவுதாரிக்கும் கண்ணி வைப்பார். யாராவது வண்டிக்கு ஒரு குதிரை வேண்டும் என்றால் பிடித்துக் கொடுப்பார். காயம்பட்ட குதிரைக்கு மருந்து கட்ட எனக்கும் அவரே பிடித்துத் தந்தார். இரண்டு கோடைக்காலம் நான் அதைக் கிட்ட இருந்து பார்த்தேன்.

குதிரை பிடிக்கிற சுருக்கைத் தடம் என்பார்கள். தும்புக் கயிற்றில் முறுக்கியது. சவிரிமுத்து அண்ணை அந்தக் கயிற்றை மூன்று நாள் சாணித் தண்ணீரில் ஊறப்போடுவார். மனித வாடை போக வேண்டும். கோடையில் வெளியில் உள்ள குண்டுகுழியெல்லாம் வற்றிவிட, குதிரைகள் ஒரேயொரு கேணிக்குத்தான் வரும். கேணிக்கு இறங்கும் வழியில் இரண்டு பக்கமும் கல்வேலி. ஒரு குதிரை போகக்கூடிய ஒடுக்கத்தில் புழுதியைக் கிளறி, தடத்தை வட்டமாய்ப் பரப்பி, மேலே புல்லும் மண்ணும் தூவுவார். கயிற்றின் மறு நுனியை மரத்தில் கட்டமாட்டார். ஒரு பனங்குற்றியில் கட்டுவார்.

"மரத்திலை கட்டினால் பாய்ஞ்ச பாய்ச்சலிலை கால் முறியும், தம்பி. குற்றி எண்டால் இழுத்துக்கொண்டு ஓடும். ஓடிக் களைக்கும். களைச்ச மிருகத்தோடை கதைக்கலாம்."

உண்மையிலேயே கதைப்பார். களைத்து நிற்கும் குதிரைக்குப் பக்கவாட்டில் போய், அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி, அன்றைய மீன்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கழுத்தில் கையை வைப்பார்.

மத்தியானத்தில் பல நாள் அவருடைய வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. மனைவி திரேசம்மா அக்கா. நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போது பதினொரு வயது. நான் சைவக்காரன் என்று எனக்கு வேறு சட்டி வைத்திருந்தார் அக்கா. "மீன் சட்டி தொடாதது, பயப்பிடாமல் சாப்பிடும்" என்பார்.

இரண்டாவது கோடையில் தீவுக்கு விசர், அதுதான் வெறிநாய் நோய், வந்தது. யாரோ வள்ளத்தில் கொண்டுவந்து விட்ட நாய். வாலை ஒடுக்கிக்கொண்டு, கண்ட கண்ட பக்கம் ஓடி, ஐந்து ஆடுகளையும் இரண்டு பசுக்களையும் கடித்தது. மனிதர் தப்பினார்கள். ஊர்த்தலைவரான விதானையார் துவக்கோடு பின்னால் போய்த் தெற்கு வெளியில் அதைச் சுட்டார். டொக்டர் அடுத்த லோஞ்சில் வந்தார். நாயின் தலையை வெட்டி எடுப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குக் காட்டினார். தலையில் சுடக்கூடாது, மூளை சிதறினால் சோதனை செய்ய முடியாது. றப்பர் கையுறை, மூக்கும் வாயும் மூடத் துணி. பிடரிப் பக்கமாய் முதல் எலும்பு மூட்டில் கத்தியை வைக்க வேண்டும். மரம் அரிகிற வாள் போட்டால் துகள் தெறிக்கும். தலையைத் தகரத்தில் வைத்து மூடி, அந்தத் தகரத்தை ஐஸ் நிறைந்த பெட்டிக்குள் இறக்கி, சுற்றிவர மரத்தூள். ஐஸ் மீன் முதலாளியிடம் வாங்கினோம். பெட்டி கொழும்புக்குப் போனது. விசர்தான் என்று பதில் வந்தது.

அன்றைக்கு டொக்டர் என்னை இருத்தி வைத்துச் சொன்னார்: "கடிபட்டதெல்லாத்தையும் கட்டி வைச்சு மூண்டு மாதம் பாரும். வாயாலை நீர் ஒழுகுகிற எந்த மிருகத்தின்ர வாயிலையும் கை வைக்கக்கூடாது. தொண்டையிலை ஏதோ சிக்கின மாதிரித்தான் தெரியும். விழுங்க ஏலாமல் நிக்கும். ஏமாறக்கூடாது. நீரும் வைக்கக்கூடாது, உம்மட ஆளையும் வைக்க விடக்கூடாது. விளங்குதே?"

"ஓம், சேர்."

"குதிரை எதையும் கடிச்சதே?"

"கடிக்கேல்லை, சேர்."

"கடிக்கேல்லையோ, நீர் காணேல்லையோ?"

"காணேல்லை, சேர்."

அவர் அதை எழுதிக்கொண்டார். கடிபட்ட பசுக்களில் ஒன்றும் ஆடுகளில் மூன்றும் செத்தன. மற்றவற்றைக் கட்டி வைத்து நாள் எண்ணினேன். குதிரைகளை யாரும் எண்ணவில்லை. அவற்றுக்குத்தான் சொந்தக்காரர் இல்லையே.

பத்துக் கிழமை கழிந்தது. பனம்பழம் விழுகிற காலம். மாடுகள் பழத்தைச் சூப்பிக் கொட்டையைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் வழக்கமான தொல்லை. ஒரு கிழமைக்கு முன்புதான் ஒரு பசுவின் தொண்டையிலிருந்து கொட்டை ஒன்றை நானே எடுத்திருந்தேன். ஊரில் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரோடு நடந்து திரிந்தேன்.

ஒரு காலை சவிரிமுத்து அண்ணை அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, கேணியடியிலை ஒரு பெட்டைக் குதிரை நிக்குது. நேற்றும் நிண்டது. தண்ணிக்கை வாயை வைக்குது, குடிக்க ஏலாமல் நிக்குது. வாயாலை வீணி ஒழுகுது. பனங்கொட்டை பிடிச்சிட்டுது போலை."

"கொட்டைதான்" என்றேன். போய்ப் பார்க்கக்கூட இல்லை. இருந்த கதிரையிலிருந்தே சொன்னேன்.

மத்தியானத்துக்குள் அது தடத்தில் காலை வைத்தது. வழக்கமான பாய்ச்சல் இல்லை. பனங்குற்றியைச் சிறிது தூரம் இழுத்துவிட்டு நின்றுவிட்டது. சவிரிமுத்து அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "என்ன, இவ்வளவு கெதியாக் களைச்சிட்டுது?" என்றார். தண்ணீர் இல்லாத களை என்று நான் சொன்னேன். கயிறு போட்டுச் சரித்துக் கிடத்தினோம். நான் தலையை மடியில் வைத்து அமத்திக்கொண்டு, தாடைகளுக்கு நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து வாயைத் திறந்தேன். உள்ளே கையை விட வேண்டியவன் நான். சட்டைக் கையை மடித்தேன்.

"உம்மட கை மொத்தம், தம்பி. என்ர கை மெலிசு. நீர் தலையை விடாமல் பிடியும்" என்றார் அவர்.

டொக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். ஞாபகம் வந்தது. அது நாய் கடித்த மாடுகளைப் பற்றிச் சொன்னது, இது பனங்கொட்டை என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். "சரி, விடுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் முழங்கை வரை விட்டார். தடவிப் பார்த்தார். "ஒண்டும் தட்டுப்படேல்லையே" என்றார். "இன்னும் உள்ளுக்குப் பாருங்கோ" என்றேன். அந்த நேரம் குதிரை உதறியது. கட்டை நழுவிப் பல் அவருடைய மணிக்கட்டில் உரசியது. கையை இழுத்துக்கொண்டார். தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது, பெரிய காயமில்லை. என் கைகள் முழுக்க வீணி. கயிற்றைத் தளர்த்தியதும் குதிரை எழும்பப் பார்த்தது. முன்கால் எழும்பியது, பின்கால் எழும்பவில்லை. அப்போதுதான் பின்தொடையின் உள்பக்கத்தைக் கண்டேன். ஆறிப்போன நாலு பல்லுத் தழும்பு.

சவிரிமுத்து அண்ணை கேட்டார்: "என்ன தம்பி, முகம் வெளிறிப்போச்சு?"

"கையைக் கழுவுவம், அண்ணை. கெதியா."

கேணியடியில் வைத்து, பையில் இருந்த சோப் கரையும்வரை அவருடைய கையைத் தேய்த்துக் கழுவினேன். என்ன விசயம் என்று அவர் கேட்கவில்லை. கழுவிய முறையிலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கழுவி முடிந்ததும், "அந்த நாயோ?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

குதிரை அன்று மாலைக்குள் விழுந்து உதைத்துச் செத்தது. தலையை நான் தனியே வெட்டினேன். நாய்த்தலை போலில்லை, மீன் பெட்டி ஒன்று முழுதாய் வேண்டியிருந்தது. காற்று அடங்கி லோஞ்சு வெளிக்கிட இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் நாங்கள் இருவரும், எங்களுக்கு நடுவே அந்தப் பெட்டியும், புங்குடுதீவில் இறங்கி பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனோம்.

டொக்டர் முதலில் காயத்தைப் பார்த்தார். பிறகு எங்களைக் கதிரைகளில் இருக்கச் சொன்னார். சவிரிமுத்து அண்ணை கதிரையின் விளிம்பில் இருந்தார். டொக்டர் பென்சிலை எடுத்தார்.

"வாயிலை கை விட்டது ஆர்?"

"நான்தான் ஐயா" என்றார் சவிரிமுத்து அண்ணை.

டொக்டர் என்னைப் பார்த்தார். "நீர் சொல்லி விட்டவரோ, தானாய் விட்டவரோ?"

என் நிரந்தர நியமனத்துக்கான கடிதம் அந்த மேசையில், அவருடைய கையெழுத்துக்காகக் கிடந்தது. அதைப் போன மாதம்தான் அவர் எனக்குக் காட்டியிருந்தார். என் கண் அந்தக் கடதாசிக் கட்டுக்குப் போனது.

"நான் போறதுக்கு முந்தியே பிடிச்சுக் கிடத்திக் கையை விட்டிட்டார், சேர். நான் போய்த்தான் நிப்பாட்டினது."

சவிரிமுத்து அண்ணை என் பக்கம் திரும்பவில்லை. மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் அவரிடம், "அப்பிடியோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா" என்றார்.

டொக்டர் எழுதினார். எழுதிவிட்டுச் சொன்னார்: "வேலையிலை நிண்ட நேரம் பட்டதெண்டால் ஆசுபத்திரி வார்ட்டிலை வைச்சுப் பாக்கலாம், அந்த நாளுக்குக் கூலியும் வரும். தன்ர எண்ணத்துக்குச் செய்தவருக்கு நான் ஒண்டும் எழுத ஏலாது. ஆனால் ஊசி போட்டே ஆகவேணும். பதினாலு ஊசி. ஒண்டும் விடக்கூடாது. நாகலிங்கம், நீரும் போடும்."

யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் தினமும் காலையில் வரிசையில் நிற்போம். தொப்புளைச் சுற்றித் தடித்த ஊசி. முதல் நாளே வயிறு கல்லாய் வீங்கியது. எனக்குக் கடமை லீவு. நகரில் இருந்த பெரியம்மா வீட்டில் தங்கினேன். சவிரிமுத்து அண்ணை கரையோரத்தில் ஒரு தூரத்து உறவுக்காரரின் வலைக் கொட்டிலில் படுத்தார். அவருக்கு வேலை இல்லை, சாப்பாடும் அவர்கள் தந்ததுதான். என்னோடு எப்போதும்போலவே கதைத்தார். அந்த மேசையடியில் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆறாம் ஊசி போட்ட அன்று ஆசுபத்திரி வாசலில் வைத்துச் சொன்னார்: "நான் இண்டைக்கு ஊருக்குப் போறன், தம்பி."

"இன்னும் எட்டு ஊசி கிடக்கு, அண்ணை."

"வீட்டிலை ஒண்டும் இல்லையாம். லோஞ்சாலை வந்த பொடியன் சொன்னவன். வலை கரையிலை கிடந்து காயுது. அவள் நாலு பிள்ளையளோடை என்ன செய்யிறது? காயமும் ஆறிப்போச்சு, பாரும்."

காயம் ஆறித்தான் இருந்தது. "நில்லுங்கோ அண்ணை, நான் டொக்டரோடை கதைச்சு வார்ட்டிலை இடம் எடுத்துத் தாறன்" என்றேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "கதைப்பீரோ?" என்று கேட்டார்.

"கதைப்பன்."

"அப்ப நாளைக்கு மத்தியானம் மட்டும் நிக்கிறன்."

அடுத்த நாள் ஊசியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனேன். வழி நெடுக, சொல்லப் போகிற வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். டொக்டர் தன் மேசையில் இருந்தார். நிமிர்ந்து, "என்ன நாகலிங்கம், ஊசி நோகுதோ?" என்றார். மேசையில் என் கடிதம் அந்த இடத்தில் இல்லை. கையெழுத்தாகிப் போயிருக்க வேண்டும்.

"ஓம் சேர், கொஞ்சம் வீக்கம். அதைத்தான் கேக்க வந்தனான்" என்றேன்.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வலைக் கொட்டிலில் சவிரிமுத்து அண்ணை இல்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருக்கு ஏழு ஊசிதான் ஏறியிருந்தது.

நான் பதினாலையும் போட்டுக்கொண்டு நெடுந்தீவுக்குத் திரும்பினேன். கொழும்பிலிருந்து பதில் வந்தது, விசர்தான். அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்கு ஓடினேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மிச்ச ஊசிக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். விசகடி பார்க்கும் பரியாரி ஒருவர் மருந்து கொடுத்திருப்பதாகவும், பத்தியம் இருப்பதாகவும் சொன்னார். "இவ்வளவு நாளும் வராதது இனி வருமே?" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதுபோல இருந்தது.

காயம்பட்டு நாற்பது நாள் கடந்து, வாடைக்காற்று இன்னும் எழும்பாத, கடல் அடங்கிக் கிடந்த ஒரு காலையில் மூத்த மகள் ஓடி வந்தாள். "மாமா, ஐயாவுக்குக் கை கூசுதாம். தேத்தண்ணி குடிக்க ஏலாதாம். உங்களை வரட்டாம்."

அவர் வீட்டுக்குள் சுவரோடு சாய்ந்து இருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. நான் கதவைத் திறந்தபோது வந்த காற்றுக்கே அவருடைய தொண்டை இழுத்தது. கையெடுத்துக் கும்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

"தம்பி, அந்தக் குதிரை தண்ணிக்கை வாயை வைச்சுக்கொண்டு நிண்டதெல்லே. அதுக்கு எப்பிடி இருந்ததெண்டு இப்பத்தான் விளங்குது."

லோஞ்சு பிடிப்போம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடலைக் காண ஏலாது என்றார். கடலில் பிறந்து வளர்ந்த மனிதர்.

"பிள்ளையளைக் கொண்டுபோய் என்ர தமையன் வீட்டிலை விடச் சொல்லும். என்னைக் கட்டும். பேந்து நான் என்ன செய்வனோ தெரியாது. கயிறு அந்தக் கொடியிலை கிடக்கு."

அது தடத்துக் கயிறு. நான் கைகளைக் கட்டிலோடு கட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "உந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். மற்றதைப் போடும்" என்றார். அவிழ்த்து மறுபடி கட்டினேன். "ஓம், அதுதான்" என்றார்.

தேவாலயத்துச் சுவாமியார் வந்து செபம் சொன்னார். எண்ணெய் பூசினார், தண்ணீர் தெளிக்கவில்லை. இரண்டு நாள். அந்த இரண்டு நாளைப் பற்றி எழுத என்னால் முடியும், எழுதப் போவதில்லை. அது அவருக்கும் அக்காவுக்கும் என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும், அது போதும். இடையிடையே அறிவு தெளியும். தெளிகிறபோதெல்லாம் என்னைக் கிட்ட வரவேண்டாம் என்று சொன்னார். வீணி பட்டுவிடுமாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஊர்காவற்றுறைக்குப் போனேன். இந்த முறை வசனம் எதையும் பழகிக்கொண்டு போகவில்லை. டொக்டருக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: கதிரையிலிருந்து "கொட்டைதான்" என்றது, "விடுங்கோ அண்ணை" என்றது, ஒத்தடம் கேட்டு வந்த நாள் உண்மையில் எதற்கு வந்தேன் என்பது. அவர் பென்சிலை எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெள்ளைக் கடதாசியை என் பக்கம் தள்ளினார்.

"உம்மட கையாலை எழுதும்."

எழுதிக் கொடுத்தேன். வாசித்தார். "அண்டைக்கு அவரை நான் தனியக் கூப்பிட்டுக் கேட்டிருக்கவேணும். உம்மை முன்னுக்கு வைச்சுக்கொண்டு கேட்டது என்ர பிழை" என்றார். அவருடைய குரல் அப்போதும் உயரவில்லை.

விசாரணை நடந்தது. நியமனம் இரண்டு வருடம் பின்போடப்பட்டது. கூலிக்கு நின்றபோது நேர்ந்த சாவு என்று திருத்தி எழுதியதால், அலைந்து திரிந்த பிறகு அக்காவுக்கு ஏதோ சிறு உதவி கிடைத்தது. நெடுந்தீவில் இருக்க என்னால் ஏலாது, வேறு எங்கேயாவது, மண்டைதீவுக்காவது மாற்றிவிடுங்கோ என்று டொக்டரிடம் கேட்டேன். "அங்கையே இரும்" என்றார்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சில நாள் கழித்துத் திரேசம்மா அக்காவிடம் போனேன். வேலிப் படலையடியில் நின்றே சொன்னேன். அவர் கறுப்புச் சீலையோடு முற்றத்தில் பனங்கிழங்கைப் பிளந்து ஒடியலாகக் காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார். நான் முடித்ததும் கையைத் தட்டிவிட்டு எழும்பினார்.

"எனக்குத் தெரியும். ஊசியை விட்டிட்டு வந்த அண்டைக்கே அவர் சொன்னவர்."

நான் படலையிலிருந்து கையை எடுத்தேன்.

"தம்பி டொக்டரிட்டைச் சொல்லுவான், ஆள் அனுப்புவான் எண்டு ஒவ்வொரு லோஞ்சுக்கும் துறையடியிலை போய் நிண்டவர். ஒரு கிழமை நிண்டவர். நீர் தனிய வந்து இறங்கினதைத் தூரத்திலை கண்டிட்டுத் திரும்பி வந்தவர். அவர் உம்மை ஒரு சொல்லும் ஏசேல்லை. நான்தான் ஏசினனான்."

படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அந்தத் தீவில் அதற்குப் பிறகு பதினொரு வருடம் வேலை செய்தேன். வழியில் கண்டால் அக்கா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார். பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒரு மாரியில், மழை பெய்துகொண்டிருந்த பின்னேரம், அவருடைய இரண்டாவது மகன் வந்து பசு ஈன முடியாமல் கிடக்கிறது என்றான். தாய் அனுப்பினாரா என்று கேட்டேன். ஓம் என்றான்.

கன்று பின்புறமாய்த் திரும்பிக் கிடந்தது. ஒன்றரை மணித்தியாலம் சேற்றில் படுத்துக் கிடந்து கால்களைத் தேடிப் பிடித்து இழுத்தேன். அக்கா கொட்டிலின் மறு மூலையில் நின்றார். கன்று விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் உரசி, மூச்சு வரும்வரை ஆட்டினேன். பசு திரும்பி நக்கத் தொடங்கியது.

"கண்டு உயிரோடையோ?" என்றார் அக்கா.

"ஓம், அக்கா."

அவர் கிட்ட வந்து குனிந்து, கன்றின் வயிற்றில் கையை வைத்துத் தானே பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப போம்" என்றார்.